கிளி கலைத்துப் படித்த இங்கிலீசு

போன கிழமை என் கடைசி மகள் பள்ளிக்கூடத்துப் பாடத்தோடு வந்தாள். 'டேலைற்' என்ற சொல்லுக்கு, அதாவது பகல் வெளிச்சத்துக்கு, இங்கிலீசில் வேறு என்ன என்ன சொற்கள் இருக்கின்றன என்று எழுதிக்கொண்டு வரும்படி வாத்தியார் சொல்லிவிட்டாராம். அவள் அதை என்னிடம் கேட்க வரவில்லை. அகராதி எங்கே என்று கேட்கத்தான் வந்தாள். அப்பாவுக்கு இங்கிலீசு தெரியாது என்பது எங்கள் வீட்டில் எல்லோரும் அறிந்த செய்தி. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ரயில் ரிக்கற்றில் அச்சடித்திருப்பதைக்கூட எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன்.

அப்படிப்பட்ட நான், மாட்டுக்கு வைக்கோல் உதறிப் போட்டுக்கொண்டே, "டோன், டேபிறேக், சண்றைஸ், சண்சைன், புறோட் டேலைற், நூன், சண்செற், ருவைலைற், டஸ்க்" என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அவள் திகைத்துப்போய் நின்றாள்.

"இதெல்லாம் எங்கை படிச்சனீங்கள் அப்பா?"

"பரணிலை. கிளி கலைக்கேக்கை."

அவள் நம்பவில்லை. மறுநாள் வாத்தியார் அந்தச் சொற்களில் சிலவற்றுக்குச் சரி போட்டுச் சிலவற்றை வெட்டிவிட்டார். டஸ்க் என்பது பகலே இல்லையாம், பொழுதுபட்ட பிறகு வருவதாம். அது எனக்கும் தெரியும் பிள்ளைகளே. அந்த ஒரு சொல்லால் எங்கள் வீட்டில் நடந்த கூத்தைத்தான் இப்போது எழுதப் போகிறேன்.

கிளிநொச்சிக்குப் பக்கத்து உருத்திரபுரத்தில் எங்கள் தகப்பனாரான ஐயாவுக்குக் குடியேற்றக் காணி கிடைத்தபோது எனக்குப் பால்பற்கள் விழுந்துகொண்டிருந்த வயது. முன்பு எங்கள் ஊரான கரணவாயில் புகையிலைத் தோட்டத்துக்குத் துலா மிதித்துத் தண்ணீர் இறைத்தவர் ஐயா. வாய்க்காலில் தண்ணீர் தானாக ஓடிவருவதைக் கண்டதும், வந்த முதல் நாள் அவர் அதற்குள் காலை விட்டுக்கொண்டு கனநேரம் எழும்பாமல் இருந்தது எனக்கு நினைவிருக்கிறது. வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் வீட்டுக்காணி. அந்தப் பக்கம் வயல். வீட்டு வாசலில் நின்றால் வயலும் அதில் கட்டியிருந்த காவல் பரணும் தெரியும்.

அக்கம்பக்கத்தில் குடியேறியவர்கள் எல்லோரும் வெவ்வேறு ஊர்க்காரர். ஒருவர் பெயர் மற்றவருக்கு வாயில் நிற்காது. ஆகவே ஊர்ப்பெயரே ஆட்பெயராகிவிட்டது. ஐயா கரணவாயார். எங்கள் வயலுக்குப் பக்கத்து வயல்காரர் வேலணையார். அவர் வாயில் எப்போதும் ஒரு சுருட்டு இருக்கும்; அநேகமாக அது பற்றவைக்காத சுருட்டாக இருக்கும். அதற்கு அடுத்த வயல் அளவெட்டியக்காவுடையது. புருஷன் காய்ச்சலில் படுத்த பிறகு உழவிக்கிறதும் அவர்தான், பரணில் ஏறிக் காவல் இருக்கிறதும் அவர்தான்.

காவல் என்றேன். வயலுக்கு இரவில் பன்றி எதிரி, பகலில் கிளி எதிரி. பன்றிக் காவலை ஆண்கள் முறைவைத்துப் பார்த்தார்கள். கிளிக் காவல் பெரும்பாலும் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வந்தது. கிளி பார்க்க வடிவான பறவை. ஆனால் அது கதிரில் இருந்து நெல்லைப் பொறுக்கித் தின்று போகிற சாதி இல்லை. கதிரையே கத்தரியால் வெட்டுவதுபோல நறுக்கிக் காலில் இடுக்கிக்கொண்டு மரத்துக்குப் போய்விடும். ஒரு கூட்டம் இறங்கி எழும்பினால் அந்த இடம் மொட்டையாகிவிடும். வெளிச்சம் வருகிறபோது கிளியும் வரும். வெளிச்சம் போகிறவரை அதுவும் போகாது.

அந்தச் சிறுபோக வேளாண்மையில் எங்கள் பரணில் அக்காவும் நானும் காவல் இருந்தோம். அக்கா கரணவாயில் நன்றாகப் படித்தவள். இங்கே வந்ததும் படிப்பு நின்றுவிட்டது. அவளுடைய வகுப்பு உள்ள பள்ளிக்கூடம் பக்கத்தில் இருக்கவில்லை.

அம்மாவின் தம்பியை நாங்கள் அம்மான் என்போம். அவர் மாங்குளம் ரயில் ஸ்ரேசனில் வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ரயிலேறிக் கிளிநொச்சிக்கு வந்து, யாரிடமாவது சைக்கிள் இரவல் வாங்கி எங்களிடம் வருவார். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவர், சைக்கிளை வேலியில் சாத்துவதற்கு முன்பே கதையைத் தொடங்கிவிட்டார்.

"அத்தான், பிள்ளையை நேர்ஸ் படிப்புக்கு விடுங்கோ. கொழும்பிலை ஆள் எடுக்கப் போறாங்கள். கூப்பிட்டு இங்கிலீசிலை நாலு கேள்வி கேப்பாங்கள், அவ்வளவுதான். அந்த இங்கிலீசை நான் பாத்துக்கொள்ளுறன்."

ஐயா வெற்றிலைக்கு நரம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். வெற்றிலையை மடித்து வாய்க்குள் போட்டார்.

"போன போகம் எங்களுக்கு என்ன மிஞ்சினது?" என்று அவர் கேட்டார்.

அம்மான் அப்போதுதான் சைக்கிளை வேலியில் சாத்தினார். பதிலையும் ஐயாவே சொன்னார்.

"கிளி திண்டதுபோக விதைநெல்லுத்தான் மிஞ்சினது. இந்தமுறை வயல் வீட்டை வந்து சேரட்டும். சேர்ந்தால் அவள் போகட்டும். சேராட்டில் உந்தக் கதையை விடு தம்பி."

அக்கா குசினி வாசலில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று பின்னேரம் அவள் பரணில் ஏறிய வேகத்தில் ஏணியின் ஒரு படி கழன்று விழுந்தது.

ஆனால் அவளுக்கு ஒரு பெரிய சிக்கல் இருந்தது. எங்கள் வீட்டில் மண்ணெண்ணெய் போத்தலில் அளந்து வாங்குகிற பொருள். சாப்பிட்டு முடிந்ததும் விளக்கை ஊதிவிட வேண்டும். படிப்பதென்றால் பகல் வெளிச்சத்தில்தான் படிக்கலாம். பகல் வெளிச்சம் முழுவதும் கிளிக்குப் போய்விட்டது. பரணில் புத்தகத்தை விரிக்கவும் முடியாது. கண் எழுத்தில் இருக்கிற நேரத்தில் கிளி கதிரில் இருக்கும்.

அம்மான் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். "புத்தகம் வேண்டாம். கண் கிளியிலை இருக்கட்டும், வாய் இங்கிலீசிலை இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அவரும் பரணில் ஏறி எங்களோடு உட்கார்ந்துகொண்டார். "சரி, சொல்லு பிள்ளை. இதிலை இருந்து பாத்தால் உனக்கு என்ன தெரியுது?"

அக்கா சுற்றிப் பார்த்தாள். "வயல். வெளிச்சம்."

"வயல் ஒரு சொல்லோடை முடிஞ்சுபோம். வெளிச்சத்திலையிருந்து துவங்குவம். டேலைற். சொல்லு."

"டேலைற்."

"டே எண்டால் பகல். லைற் எண்டால் வெளிச்சம். இதுக்கு வெள்ளைக்காரன் வேறை எத்தினை பேர் வைச்சிருக்கிறான் தெரியுமோ? அவன்ரை ஊரிலை வெயில் காணிறது அருமை. அருமையாய் வாற பிள்ளைக்குத்தானே ஆளுக்கொரு செல்லப்பேர் வைப்பினம்."

பிறகு அவர் ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். டோன் என்றார். டேபிறேக் என்றார். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அக்கா கேட்டாள். அம்மான் தலையைச் சொறிந்தார்.

"ரெண்டும் ஒண்டுதான். இல்லை, பொறு. டோன் கொஞ்சம் முந்தியெண்டு நினைக்கிறன்."

"அப்ப டோன் எங்கடை விடியப்புறம். டேபிறேக் வெள்ளாப்பு" என்று அக்கா பிரித்துவைத்தாள். அப்படியே ஒவ்வொரு சொல்லுக்கும் எங்கள் வயலில் அவளே ஒரு நேரத்தை ஒதுக்கினாள். குளத்துப் பக்கத்துக் காட்டுக்கு மேலே சிவப்பு வந்தால் சண்றைஸ். வரம்புப் புல்லில் பனி காய்ந்தால் சண்சைன். உச்சிக்கு நூன். பட்டப்பகலுக்குப் புறோட் டேலைற்.

"புறோட் எண்டால்?" என்று நான் கேட்டேன்.

"அகலம்" என்றார் அம்மான்.

"பகல் எப்பிடி அகலமாகும்?"

"நீ கிளி கலைக்க ஓடிற வயலைக் கேள், அது சொல்லும்."

அது உண்மைதான். அந்த நேரத்தில் அந்த வயல் எனக்கு முடிவில்லாத அகலமாகத்தான் இருந்தது.

கிளி கலைக்கிறவர்கள் சத்தம் போட வேண்டும். தகரத்தில் தட்டவும் வேண்டும். அதோடு இன்னொரு முறையும் எங்கள் பகுதியில் இருந்தது. ஒரு வயலில் இருந்து கலைந்து எழும்புகிற கிளி அடுத்த வயலில்தான் போய் இருக்கும். ஆகவே ஒரு பரணில் குரல் எழும்பினால் அடுத்த பரண் அதற்குப் பதில் குரல் கொடுத்து ஆயத்தமாக வேண்டும். வழமையாக அந்தக் குரல் "ஓ... ஓய்!" என்று இருக்கும். அக்கா மறுநாளில் இருந்து "ஓ... ஓய்" சொல்வதை விட்டுவிட்டாள்.

"டேலை...ற்!"

வேலணையார் பரணில் எழும்பி நின்றார். "பிள்ளை! ஆரைக் கூப்பிடுறாய்?"

"வெளிச்சத்தை, அண்ணை!"

"அது வந்துதானே நிக்குது. கூப்பிட்டு என்ன தேத்தண்ணியே குடுக்கப்போறாய்?"

அவர் பகிடி பண்ணினாலும், கிளிகள் இங்கிலீசுக்கு நல்ல மரியாதை கொடுத்தன. இழுத்துக் கத்துவதற்கு "சண்சை...ன்" மாதிரிச் சொல் தமிழில் இல்லை என்று அளவெட்டியக்கா சொன்னார். இரண்டு மூன்று நாளில் வேலணையாரும் சுருட்டைக் கையில் எடுத்துக்கொண்டு "சஞ்சாய்ன்" என்று பதில் கொடுக்கத் தொடங்கினார். அளவெட்டியக்கா அதை அதற்கு அடுத்த பரணுக்கு அனுப்பினார். இப்படியே எங்கள் வாய்க்கால் வரிசை முழுவதும் இங்கிலீசில் கிளி கலைத்தது.

அக்கா ஒவ்வொரு சொல்லையும் அதற்குரிய நேரத்தில்தான் சொல்வாள். அந்த வரிசையில் ஒருவரிடமும் மணிக்கூடு இருக்கவில்லை. ஆகவே கொஞ்ச நாளில் அவளுடைய குரலே எல்லோருக்கும் மணிக்கூடாகிவிட்டது. அவள் நூன் என்றதும் வேலணையார், "நூனாம் பிள்ளையள், சோத்தை அவிழுங்கோ!" என்று மற்றவர்களுக்கு அறிவிப்பார். டஸ்க் என்பது கடைசிச் சொல். கிளிகள் எல்லாம் காட்டுக்குப் போய், முகம் தெரியாத மைம்மல் ஆனபிறகுதான் அக்கா அதைச் சொல்வாள். அதைக் கேட்டால் எல்லாப் பரணும் இறங்கி வீட்டுக்குப் போகும்.

கதிர் முற்றிக்கொண்டு வந்தது. இன்னும் கொஞ்ச நாள் காத்துவிட்டால் போதும் என்று அம்மா சொன்னார். அக்கா மெல்ல மெல்லச் சிரிக்கத் தொடங்கியிருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மான் வந்து அக்காவைச் சோதித்துப் பார்த்தார். வரிசையாகக் கேட்டால் எல்லாம் சொன்னாள். நடுவில் இருந்து ஒன்றைக் கேட்டால் தடுமாறி, திரும்பவும் டோனில் இருந்து தொடங்கினாள்.

"உது சரிவராது பிள்ளை. அவங்கள் விடிஞ்சதிலையிருந்து பொழுதுபடும்வரை வரிசையாய்க் கேக்கமாட்டாங்கள். மாத்தி மாத்திக் கேப்பாங்கள். நீயும் மாத்தி மாத்திச் சொல்லிப் பழகு" என்று சொல்லிவிட்டு அவர் ரயிலுக்குப் போய்விட்டார்.

அவர் போன பிறகு ஒரு நாள் கச்சான் காற்றோடு மேகம் வந்து வானத்தை மூடிப் பகலை இருட்டாக்கியது. மழை பெய்யாத மேகம். சூரியன் எங்கே நிற்கிறது என்று தெரியவில்லை. வரம்பில் நிழல் விழவில்லை. மத்தியானச் சாப்பாடு முடிந்து கனநேரம் ஆகியிருந்தது, ஆனால் மைம்மலுக்கு இன்னும் நேரம் இருந்தது. அக்கா வயலைப் பார்த்தபடி அம்மான் சொன்ன பயிற்சியைத் தொடங்கினாள்.

"சண்றைஸ்! டஸ்க்! நூன்! டஸ்க்! டோன்! டஸ்க்!"

டஸ்க் அவளுக்கு அடிக்கடி மறந்துபோகிற சொல். அதனால் அதைக் கூடுதலாகச் சேர்த்துக்கொண்டாள். காற்று மற்றச் சொற்களைப் பிய்த்துக்கொண்டு போயிற்று. டஸ்க் மட்டும் வெட்டு விழுந்ததுபோலப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

கொஞ்ச நேரத்தில் அக்கா பேச்சை நிறுத்தினாள்.

"தம்பி, வேலணை அண்ணை பதில் சொல்லேல்லை."

நான் கூரைத்தூணைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். வேலணையாரின் பரண் வெறுமையாக இருந்தது. அளவெட்டியக்காவின் பரணும் வெறுமை. அதற்கு அப்பால் யாரோ ஒருவர் தகரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்துகொண்டிருந்தார். அதேநேரம் காட்டுப் பக்கத்தில் இருந்து ஒரு பச்சைப் போர்வையை உதறியதுபோல வந்தது கிளிக்கூட்டம்.

"ஐயோ, இறங்கடா! ஓடு!"

நாங்கள் வரம்பு வரம்பாக ஓடினோம். நான் தகரத்தைத் தட்டினேன். அக்கா சேலைத் தலைப்பை வீசிக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினாள். அவள் வாயில் ஒரு இங்கிலீசும் வரவில்லை. வேலணையாரின் வயலில் கலைத்தால் கூட்டம் அளவெட்டியக்காவின் வயலில் இருந்தது. அங்கே ஓடினால் திரும்பி வேலணையாரின் வயலுக்கு வந்தது. அத்தனை வயலுக்கும் இரண்டு பேர் காணாது. சத்தம் கேட்டு ஆட்கள் திரும்பி ஓடிவந்தபோது, கிளிகள் வேண்டியதை நறுக்கிக்கொண்டு ஆறுதலாகப் போய்க்கொண்டிருந்தன.

அன்று பொழுதுபடுகிற நேரம் எங்கள் முற்றத்தில் ஆட்கள் கூடிவிட்டார்கள். அம்மா உட்காருவதற்குக் கதிரை கொண்டுவந்து வைத்தார். ஒருவரும் உட்காரவில்லை. வேலணையாரின் கையில் நறுக்குண்ட கதிர்த் தாள்கள் இருந்தன.

"கரணவாயண்ணை, என்ரை மனிசி கூப்பிட்டாலே நான் பரணாலை இறங்கிறதில்லை. உங்கடை பெட்டைப்பிள்ளை ஒரு சொல்லுச் சொல்ல இறங்கினன். இப்ப என்ரை வயலை வந்து பாருங்கோ!"

"பொழுது நிக்கிறது தெரியாமலே இறங்கினனீர்?" என்று ஐயா கேட்டார்.

"பொழுது எங்கை அண்ணை தெரிஞ்சது? மேகமெல்லே! பிள்ளை ஒரு நாளும் பிழையாய்ச் சொன்னதில்லை எண்டு நம்பித்தானே இறங்கினது!"

"நானும்தான் இறங்கினனான்" என்றார் அளவெட்டியக்கா. "என்ரை கண்ணை நான் நம்பாமல் போனால் அதுக்குப் பிள்ளை என்ன செய்யும்? சும்மா அவளை ஏசாதையுங்கோ."

கூட்டத்துக்குப் பின்னால் நின்ற ஒருவர் மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் அது எல்லோருக்கும் கேட்டது. "மற்ற வயலெல்லாம் போச்சு. கரணவாயாற்றை வயலிலை ஒரு கதிர் போகேல்லை. அதையும் யோசிக்கத்தானே வேணும்."

அக்கா எல்லோரையும் தந்திரமாக இறக்கிவிட்டுக் கிளிகளை அவர்கள் வயல்களுக்கு அனுப்பினாள் என்பதுதான் அந்தப் பேச்சின் பொருள். எனக்கே அது விளங்கியது. கதவுக்குப் பின்னால் நின்ற அக்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வேலணையாருக்கும் அந்தப் பேச்சு பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன். சுருட்டை வாயில் இருந்து எடுத்தார். ஆனால் அவர் வாய் திறப்பதற்குள் ஐயா எழும்பிவிட்டார்.

"என்ரை பிள்ளையின்ரை குரலுக்கு நீங்கள் இறங்கினனீங்கள். அது காணும். நாளைக்குத் துவக்கம் அறுவடை முடியுமட்டும் இந்த மூண்டு வயலுக்கும் பகல் காவல் நான். பிள்ளை இனிப் பரணிலை ஏறாள்."

அவ்வளவுதான் அவர் சொன்னது. எல்லோரும் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். ஐயா அக்காவை நிமிர்ந்தும் பார்க்காமல் கால் கழுவப் போனார். அக்கா அன்று சாப்பிடவில்லை. அம்மா எவ்வளவு சொல்லியும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பரணில் இருந்து இறக்கியாயிற்று, இனிக் கொழும்புக் கதையும் இல்லை என்றுதான் நாங்கள் இருவரும் நினைத்தோம். ஐயாமேல் எனக்குப் பெரிய கோபம் வந்தது.

மறுநாள் நான் எழும்பியபோது ஐயா வயலுக்குப் போய்விட்டார். அவருடைய மற்ற வேலைகள் நிற்கவில்லை. தண்ணீர் கட்டுவது, வேலி அடைப்பது, மாட்டுக்குப் புல் வெட்டுவது எல்லாவற்றையும் வெள்ளாப்புக்கு முன்னும் மைம்மலுக்குப் பின்னும் செய்தார். நடுவில் இருந்த பகல் முழுவதும் பரணில் இருந்தார். குரல் கொடுக்கவில்லை. தகரத்தை மட்டும் தட்டினார். இரவில் வந்து பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவார். அக்காவோடு ஒரு சொல் பேசவில்லை. கோபம் இன்னும் ஆறவில்லை என்று நான் கணக்குப் போட்டேன்.

ஆனால் எனக்கு விளங்காத ஒன்று வீட்டுக்குள் நடந்தது. அக்கா விளக்குமாற்றை எடுத்தால் அம்மா வாங்கிவிடுவார். குசினிக்குள் போனால், "உனக்கு இஞ்சை என்ன வேலை? போய் இரு" என்று கலைத்துவிடுவார். தண்ணீர் அள்ளுவது, கோழி அடைப்பது, ஐயாவுக்குச் சாப்பாடு கொண்டுபோவது எல்லாம் என் தலையில் விழுந்தன. அக்கா விறாந்தையில் பாய் போட்டு, அம்மான் கொண்டுவந்து கொடுத்த இங்கிலீசுப் புத்தகத்தோடு இருந்தாள். முதல் நாள் அழுதழுது இருந்தாள். இரண்டாம் நாள் புத்தகத்தை விரித்தாள். அதன்பிறகு தலை நிமிரவே இல்லை.

"பிழை விட்டது அவள். வேலை செய்யிறது நானோ?" என்று அம்மாவிடம் கேட்டேன்.

"உனக்கு உது விளங்காது. தண்ணி சிந்தாமல் கொண்டு போ" என்றார் அம்மா.

அந்தச் சிறுபோகம் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அக்கா கொழும்புக்குப் போனாள். அங்கே பகல் வெளிச்சத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லையாம். ஆனாலும் அவளை எடுத்துக்கொண்டார்கள். தலையில் வெள்ளைத் தொப்பி வைத்த படம் ஒன்று எங்கள் வீட்டுச் சுவரில் பல வருஷம் தொங்கியது. அதெல்லாம் பிறகு நடந்தவை. எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது, அறுவடைக்குக் கொஞ்ச நாள் முன்னே வந்த ஒரு பின்னேரம்.

ஐயாவுக்குத் தேத்தண்ணியும் பனங்கட்டித் துண்டும் கொண்டுபோனேன். அவர் முகம் வெயிலில் கறுத்து, கண்கள் சிவந்துபோயிருந்தன. பக்கத்துப் பரணில் வேலணையார், காவல் தேவையில்லாமலே வந்து உட்கார்ந்திருந்தார். "பிள்ளையின்ரை சத்தமில்லாமல் பொழுதே போகுதில்லை அண்ணை" என்று அங்கிருந்து சொன்னார். ஐயா தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டுக் கோப்பையை என்னிடம் நீட்டினார்.

"கொக்கா என்ன செய்யிறாள்?" என்று அக்காவைப் பற்றிக் கேட்டார்.

"படிக்கிறாள்."

"சத்தமாயோ?"

"இல்லை. மனதுக்குள்ளை."

ஐயா வீட்டுப் பக்கம் பார்த்தார். காற்று அங்கிருந்து எங்கள் முகத்தில் அடித்தது.

"சத்தமாய்ப் படிக்கச் சொல்லு. காத்து இஞ்சாலைதான் வருது."

அக்கா பாயில் தூங்கி வழிகிறாளோ என்று அவர் சந்தேகப்படுகிறார், அதுதான் சங்கதி என்று நான் தீர்மானித்துக்கொண்டேன். வாய்க்காலைத் தாண்டி ஓடிவந்து அக்காவிடம் அதை அப்படியே என் விளக்கத்தோடு சொன்னேன். "நீ நித்திரை கொள்ளுறியோ எண்டு பாக்கிறார். சத்தமாய்ப் படிக்கட்டாம். காத்து அங்காலைதானாம் வருது."

அக்கா புத்தகத்தில் இருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள். பிறகு வயலைப் பார்த்தாள். ஐயாவுக்கு அவள் நன்றாகப் பயந்துவிட்டாள் என்று நினைத்தேன். ஏனென்றால் அவள் கண் கலங்கிவிட்டது. பாயையும் இழுத்துக்கொண்டு வேலிப் படலையடிக்குப் போய், பரணுக்கு நேராக இருந்துகொண்டு, கிளி கலைத்த அதே குரலில் வாசிக்கத் தொடங்கினாள்.

அவள் வாசிக்க வாசிக்க, வாய்க்காலுக்கு அப்பால் தகரச் சத்தம் குறைந்து, பிறகு நின்றுவிட்டது. ஐயா பரணின் விளிம்பில் கையை ஊன்றியபடி அசையாமல் இருந்தார். கதிர் முற்றி நிற்கிற நேரம், கிளி வந்தால் என்ன செய்வது, இந்த மனிதர் ஏன் தகரம் தட்டாமல் சும்மா இருக்கிறார் என்று படலையில் ஏறி நின்று கைகாட்டினேன். அவர் என்னைக் கவனிக்கவே இல்லை.